ஆர்வில்லா லண்டின் வலது கை

அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். ஆர்வில்லா லண்ட் உட்கார்ந்துகொண்டே கொன்றாள். அதற்கு அவளுக்கு வலது கை ஒன்றே போதுமானதாக இருந்தது.

யூட்டாவில், எங்கள் சான்பீட் பள்ளத்தாக்கில், மனிதர்களைவிட வான்கோழிகள் அதிகம். மார்மன் சபையில் சம்பளப் பாதிரியாரும் கிடையாது. வான்கோழிப் பண்ணைக்காரர் பிஷப் ஆவார்; ஐந்தாறு வருடம் கழித்து இறங்கி, நாற்காலி அடுக்குகிறவர் ஆவார். அடுத்து ஒரு பல் டாக்டர் பிஷப் ஆவார். எல்லோருக்கும் ஏதாவது ஒரு பொறுப்பு உண்டு. பாட்டுக்குக் கையசைப்பது, பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பது, ஒன்றும் தெரியாதவருக்குப் பாட்டுப் புத்தகம் அடுக்குவது. பொறுப்பில்லாத ஆள், திருமண வீட்டில் சாப்பிடக் கூப்பிட மறந்துபோன ஆளைப் போல.

பொறுப்பு யாருக்கு என்றாலும் ஞாயிறன்று சபையில் பெயரை வாசிப்பார்கள். "ஆதரிக்கிறவர்கள் வலது கையை உயர்த்துங்கள்." மழைக்குப் பிறகு முளைத்த காளான் மாதிரி கைகள் கிளம்பும். "எதிர்ப்பவர்கள் இருந்தால், அதே விதமாக." இந்த இரண்டாவது வாக்கியத்துக்கு யாரும் கை தூக்குவதில்லை. தும்மினால் 'நூறு' என்கிறோமே, அந்த மாதிரி வாய்ப்பழக்கம் அது. வாசிக்கிறவர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்.

ஆர்வில்லா நிமிர்ந்து பார்க்க வைத்தாள். அதுவும் ஒரே ஒரு பெயருக்கு. லவார் ஆக்செல்சன் என்ற பெயருக்கு மட்டும்.

லவார் ஆக்செல்சன் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்றில் எங்கள் பிஷப். வயது நாற்பத்து நான்கு, பன்னிரண்டாயிரம் வான்கோழி, எதிரில் பேசுகிறவர் வாயை மூடும்வரை கண் இமைக்காத பார்வை. ஆர்வில்லாவுக்கு அப்போது முப்பத்தொன்பது. கணவர் டெல்வின் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம். ஒரே மகள் ஜனீலுக்கு ஜூன் மாதம் ஆலயத்தில் திருமணம் என்று நாள் குறித்திருந்தது. ஆர்வில்லாவின் பொறுப்பு, பதினொரு வயதுப் பிள்ளைகளின் ஞாயிறு வகுப்பு.

அந்த வசந்தத்தில் சபைக் கட்டடத்தின் அலமாரியை ஒழிக்கப் போன இடத்தில் பழைய ஏடு ஒன்று அவள் கையில் கிடைத்தது. சபையே ஒரு காலத்தில் அச்சிட்டது. எங்கள் முதல் தீர்க்கதரிசி பொன் தகடுகளில் இருந்த வேதத்தை எப்படி மொழிபெயர்த்தார் என்று, கூட இருந்தவர் ஒருவர் சொன்னது அதில் இருந்தது. ஒரு கல்லைத் தொப்பிக்குள் போட்டு, வெளிச்சம் புகாதபடி தொப்பிக்குள் முகத்தைப் புதைத்து, உள்ளே தெரிந்த சொற்களைச் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதினார் என்று. வகுப்பறைச் சுவரில் இருந்த படமோ வேறு. அதில் அவர் மேசைமேல் தகடுகளை விரித்து, பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி விரல் வைத்துப் படித்துக்கொண்டிருப்பார்.

ஆர்வில்லாவுக்கு ஒரே பூரிப்பு. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை: அவளுக்கு எள்ளளவும் சந்தேகம் வரவில்லை. தகடு என்றால் தகடு, தொப்பி என்றால் தொப்பி. கடவுள் நினைத்தால் சமையல்கட்டுச் சட்டிக்குள்ளும் வேதத்தைக் காட்டுவார் என்கிற ரகம் அவள். அடுத்த ஞாயிறு டெல்வினின் சாம்பல் நிறக் கம்பளித் தொப்பியையும் ஓடையில் எடுத்த ஒரு கல்லையும் வகுப்புக்குக் கொண்டுபோனாள். ஒவ்வொரு பிள்ளையாக முகத்தைப் புதைத்துப் பார்த்தது. ஒருவனுக்குத் தும்மல் வந்தது. ஒருத்தி உள்ளே ஒரு குதிரை தெரிவதாகச் சொன்னாள். அத்தனை நல்ல வகுப்பு அதுவரை நடந்ததில்லை.

அன்று மதியமே பிஷப்பின் மகன் சாப்பாட்டு மேசையில், "அப்பா, நம்ம தீர்க்கதரிசி தொப்பிக்குள்ள மூஞ்சிய விட்டாராமே?" என்று கேட்டுவிட்டான். உருளைக்கிழங்கு பிஷப்பின் தொண்டையில் நின்றது.

பிஷப்பும் அவருடைய இரண்டு ஆலோசகர்களும் உட்கார்ந்து அவளை விசாரித்தார்கள்.

"சிஸ்டர் லண்ட், தொப்பின்னு ஒண்ணு கிடையாது. நம்ம சத்துருக்கள் கட்டிவிட்ட கதை அது."

"சத்துரு அச்சடிச்சதில்ல பிஷப், நம்ம சபை அச்சடிச்சது. இதோ இருக்கு, பாருங்க."

லவார் ஏட்டைத் தொடவில்லை. சூடான பாத்திரத்தைத் தள்ளுகிற மாதிரி விரல் நுனியால் அவள் பக்கமே தள்ளினார். "பிள்ளைங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்னு அடுத்த ஞாயித்துக்கிழமை எந்திரிச்சுச் சொல்லிடுங்க. இத்தோட விட்டுடுவோம்."

"பொய்ன்னு சொன்னா, அதுதானே பிஷப் பொய்?"

ஒரு ஆலோசகருக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாறியது. பிஷப்புக்கு எதுவும் வரவில்லை. ஒரு வருடத்துக்கு அவளைத் தள்ளி வைத்தார். வகுப்பு போயிற்று. ஞாயிறு திருவிருந்தின் ரொட்டித் துண்டும் தண்ணீரும் வரும்போது தட்டைப் பக்கத்து ஆளிடம் நகர்த்திவிட வேண்டும். சபையில் ஜெபிக்கக் கூடாது, பெயர் வாசிக்கும்போது கை தூக்கவும் கூடாது. ஆலயத்துக்குள் போகத் தரும் சீட்டையும் வாங்கிக்கொண்டார். திருமணத்துக்கு மூன்று வாரம் இருந்தது.

சீட்டு இல்லாதவர் ஆலயத்துக்குள் போக முடியாது. பெற்ற தாயானாலும் முடியாது.

ஜூன் மாதம், வெள்ளிக்கிழமை. ஆர்வில்லா புது உடுப்போடு ஆலயத்தின் புல்வெளியில், ஒரு கல் திண்டின்மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் மகளின் பூச்செண்டு. தலையில் டெல்வினின் தொப்பி, வெயிலுக்கு. அந்தப் பக்கம் வந்தவர்கள் அவளைப் பார்த்ததும் ரோஜாப் பாத்தியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். ஒரு மணி நேரம் கழித்துக் கதவு திறந்து முதலில் வெளியே வந்தவர் லவார் ஆக்செல்சன். நேரே அவளிடம் வந்து இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ரொம்ப அழகா நடந்துச்சு, சிஸ்டர் லண்ட். தாய்க்குன்னு போட்ட நாற்காலி காலியா இருக்கக் கூடாதேன்னு நானே உக்காந்துகிட்டேன்."

அவர் அதை உபகாரமாகத்தான் செய்தார். அதுதான் ஆர்வில்லாவின் வயிற்றில் கொள்ளியாக விழுந்தது. வேண்டுமென்று செய்திருந்தால் என்றைக்காவது மன்னித்திருப்பாள்.

சபையை விட்டுப் போய்விடுவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். "நான் எதுக்குப் போகணும்? பொய் சொன்னது அவரு" என்றாள். ஒரு வருடம் தட்டை நகர்த்திவிட்டு உட்கார்ந்திருந்தாள். தண்டனை முடிந்ததும் கை தூக்கும் உரிமை திரும்பி வந்தது. அவள் காத்திருந்தது அதற்குத்தான்.

எண்பத்து நான்கில் லவாரைப் பிஷப் பொறுப்பிலிருந்து இறக்கி, வட்டாரத்தின் பெரிய குழுவுக்கு உயர்த்தப் பெயரை வாசித்தார்கள். ஆதரிக்கிறவர்கள்? காளான் காடு. எதிர்ப்பவர்கள், அதே விதமாக?

ஒரு கை.

ஆர்கன் வாசித்த அம்மாளின் கால் வழுக்கி, மாடு கத்தியதுபோல ஒரு ஓசை கிளம்பியது. அழுதுகொண்டிருந்த கைக்குழந்தைகள் ஒரே நேரத்தில் வாயை மூடின. மூன்று மைல் தள்ளி ஆக்செல்சன் பண்ணையில் வான்கோழிகள் அன்று மாலைவரை கத்தவே இல்லை என்று சொல்கிறார்கள். நான் போய்க் கேட்கவில்லை. ஆனால் சொன்னவர் வான்கோழி விஷயத்தில் பொய் சொல்கிற ஆள் இல்லை.

வட்டாரத் தலைவர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். "என்ன காரணம்?"

"பொய் சொன்னாரு. என் மகள் கல்யாணத்துல என் நாற்காலியில உக்காந்தாரு."

"இன்னொரு தடவை அந்தக் கை மேல வந்துச்சுன்னா, அப்ப வாசலுக்கு வெளியதான் சிஸ்டர். திரும்பி வரவே முடியாது."

"கை மேல வரணும்னு கேக்கறதே நீங்கதானே, பிரசிடென்ட்? கேக்காம இருங்க. நான் தூக்காம இருக்கேன்."

கேட்காமல் இருக்க அவர்களால் முடியாது, சட்டம்; கேட்டதற்குக் கை தூக்கியவளை வெளியேற்றவும் முடியாது. ஆக, லவாரின் பெயர் வந்த போதெல்லாம் அவள் கை எழுந்தது. பாடகர் குழுத் தலைவர்: கை. சாரணர் தலைவர்: கை. சாவு வீட்டுக்கு உருளைக்கிழங்குப் பதார்த்தம் ஏற்பாடு செய்கிறவர்: கை. தொண்ணூற்று மூன்றில் வேறொரு தலைவர் அவளோடு முழங்காலிட்டு, அவள் மனம் இளக ஜெபித்தார். அவள் ஆமென் சொல்லிவிட்டு அடுத்த மாதம் தூக்கினாள். இரண்டாயிரத்து ஐந்தில் வந்தவர் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார். அதற்கு அடுத்தவர் பிரசங்க மேடையிலிருந்தே புன்னகைத்து, "சிஸ்டர் லண்டோட வாக்கு பதிவாயிருச்சு, நன்றி" என்று அடுத்த பெயருக்குப் போய்விட்டார். ஒரு காலத்தில் ஆர்கன் அலறிய கைக்கு இப்போது ஒரு பிள்ளைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆனால் ஒரு காரியம் மட்டும் நடந்தது. ஒவ்வொரு பிஷப்பும் தலைவலியைத் தவிர்க்க லவாரின் பெயரை வாசிப்பதைக் குறைத்துக்கொண்டே வந்தார். மூன்று வருடத்துக்கு ஒரு பொறுப்பு, பிறகு ஆறு வருடத்துக்கு ஒன்று. கடைசியாகக் கொடுத்தது பலகையில் பாட்டு எண்களை மாட்டும் வேலை. அதற்கும் கை. அதன் பிறகு ஒன்றும் இல்லை. நாற்காலியில் வலிய உட்கார்ந்தவருக்கு நாற்காலி அடுக்கும் வேலைகூட இல்லாமல் போயிற்று. ஆர்வில்லா ஒவ்வொரு ஞாயிறும் அவருக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்து, அவர் பிடரி நரைப்பதைக் கண்குளிரப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதற்கிடையே காலம் மாறியது. சபையே தொப்பியைப் பற்றிக் கட்டுரை எழுதி வெளியிட்டது. கல்லின் படத்தைத் தன் பத்திரிகையிலேயே போட்டது; கோழி முட்டை அளவில், கோடு போட்ட பழுப்புக் கல். சந்தேகம் என்று வந்த இளவட்டங்களை அணைத்துக்கொண்டார்கள். திருமண விதியையும் தளர்த்தினார்கள். முதலில் வெளியே எல்லோர் முன்னிலையிலும் முடித்துவிட்டு, அப்புறம் ஆலயத்துக்குப் போகலாம். புது பிஷப் கோல்பி ரீட், முப்பத்தாறு வயதுப் பல் டாக்டர், மேடையில் நின்று, "கேள்வி கேக்கறது பாவமில்ல, இங்க எல்லாருக்கும் இடம் உண்டு" என்று கண் கலங்கினார்.

சபை முழுக்க மூக்கை உறிஞ்சியது. ஆர்வில்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாம் மாறிவிட்டது, மாறியதாக யாரும் சொல்லவில்லை. தொப்பி எப்போதும் அங்கேயே இருந்ததுபோல, அவளை ஒருவரும் வெளியே உட்கார வைக்காததுபோல. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: அவள் சொன்னது உண்மை, தான் சொன்னது பொய் என்று லவார் ஆக்செல்சன் தன் வாயால், பிறர் காதில் விழச் சொல்ல வேண்டும். அவருக்கு வயது எண்பத்தெட்டு. ஆள் முந்திக்கொண்டு போய்விட்டால் நாற்பத்து நாலு வருடக் கோபத்தைப் பிணத்தோடு சண்டை போட்டுத்தான் தீர்க்க வேண்டும்.

அந்த டிசம்பரில் பிஷப் கோல்பி ஒரு கோதுமை ரொட்டியோடு அவள் வீட்டுக்கு வந்தார்.

"ரொட்டியெல்லாம் பலமா இருக்கே. யாரு பேர வாசிக்கப் போற, கோல்பி?"

கோல்பிக்குக் காது சிவந்தது. அவருடைய பால் பல் விழுந்த நாளிலிருந்து ஆர்வில்லாவுக்கு அவரைத் தெரியும். "பிரதர் ஆக்செல்சன், சிஸ்டர் லண்ட். சம்சாரம் போனதிலிருந்து மனுஷன் சோபாவே கதின்னு கிடக்கறாரு. ஒரு சின்னப் பொறுப்பு... இந்த ஒரு தடவை மட்டும் உங்க கைய..."

"எந்தப் பொறுப்பு?"

"பதினொரு வயசுப் பிள்ளைங்க வகுப்பு."

"ஜனவரியிலிருந்து என்ன பாடம்?"

"வர்ற வருஷம் சபை வரலாறு. முதல்லேருந்து."

ஆர்வில்லா ரொட்டியை மேசைமேல் வைத்தாள். நாற்பத்து நாலு வருடத்தில் முதல் தடவையாக அவளுக்குக் கடவுளின் நகைச்சுவை உணர்வின்மேல் மரியாதை வந்தது.

"முதல்லேருந்துன்னா... மொழிபெயர்ப்புப் பாடமும் வரும்."

"வரும். ரெண்டாவது மாசம்."

"வகுப்புல ரெண்டு பெரியவங்க இருக்கணும்னு இப்ப விதி இருக்கு, இல்லையா?"

"இருக்கு."

"ரெண்டாவது ஆளா என் பேர எழுதிக்கோ."

கோல்பி எழுந்து நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "இதுதான் மன்னிப்பு, சிஸ்டர் லண்ட். இதுதான் அன்பு."

"ரொட்டி நல்லா வெந்திருக்கு" என்றாள் ஆர்வில்லா.

ஞாயிறு, பெயர்களை வாசித்தார்கள். லவார் ஆக்செல்சன், பதினொரு வயதுப் பிள்ளைகளின் ஆசிரியர். ஆதரிக்கிறவர்கள்? ஆர்வில்லாவின் வலது கை எல்லோருக்கும் முன்னால், தென்னை மரம் மாதிரி எழுந்தது. பெஞ்சு பெஞ்சாகத் தலைகள் திரும்பின. இரண்டு பெண்கள் அழுதார்கள். லவார் மெல்லத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கை எதிர்த்தபோதெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர், அது ஆதரித்ததும் வெலவெலத்துப் போனார். சபையில் விஷயம் புரிந்த ஆள் அவர் ஒருவர்தான்.

ஐந்து வாரம் ஒழுங்காக நடந்தது. அவர் பாடம் எடுப்பார். அவள் கடைசி வரிசையில், முழங்கால் மூக்கைத் தொடும் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, தலையாட்டிக் கேட்பாள். ஆறாவது வாரம், சனிக்கிழமை காலை, சளி பிடித்திருப்பதாக அவர் போன் செய்தார். பத்து மணிக்கு ஆர்வில்லா பனியில் காலைப் புதைத்து, வான்கோழி சூப்போடு அவர் வாசலில் நின்றாள்.

"சளியா, பிரதர்? குடிங்க. நாளைக்கு நல்லாயிடும்."

"குரல் போயிடுச்சு."

"தொப்பிக்குக் குரல் எதுக்கு?"

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அவர் அவளைப் பார்த்தார். அந்தப் பழைய பார்வை பார்க்க முயன்றார். கண்கள் முதலிலேயே இமைத்துவிட்டன.

"நீங்க விடவே மாட்டீங்களா?"

"சூப்பு ஆறுது" என்றாள்.

மறுநாள் வந்தார். எட்டுப் பிள்ளைகள். மேசை, தகடுகள், விரல் என்று பழைய வழியிலேயே கதையை ஓட்டிப் பார்த்தார். ப்ரின்லி என்று ஒருத்தி, வாய் ஓயாத பெண், கையைத் தூக்கினாள்.

"பிரதர் ஆக்செல்சன், தொப்பிய விட்டுட்டீங்க. எங்கம்மா போன்ல இருக்கு. சபையே எழுதியிருக்கு."

"அது... பெரியவங்க விஷயம்."

"இல்ல பிரதர், பிள்ளைங்க விஷயந்தான்" என்று கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தது. நாற்காலிக்கு அடியிலிருந்து ஒரு வட்டப் பெட்டியை எடுத்து ஆர்வில்லா மூடியைத் திறந்தாள். சாம்பல் நிறக் கம்பளித் தொப்பி. உள்ளே ஓடைக்கல்.

லவாரின் முகம் சாம்பல் பூத்தது. "அது இங்க வேணாம், சிஸ்டர்."

"பாடத்துல இருக்கே, பிரதர்."

பிள்ளைகள் ஒவ்வொருவராக முகத்தைப் புதைத்தார்கள். ஒருவனுக்குத் தும்மல். தும்மல் எந்தத் தலைமுறையிலும் மாறுவதில்லை. தொப்பி சுற்றி வந்து மேசைமேல், அவருக்கு முன்னால் நின்றது.

"இப்ப நீங்க" என்றாள் ப்ரின்லி.

எண்பத்தெட்டு வயது மனிதர் குனிந்தார். தொப்பி அவரைக் காதுவரை விழுங்கியது. வெளியே வராந்தாவில், கூட்டம் முடிந்த பெரியவர்கள் நடக்கும் ஓசை கேட்டது.

"உள்ள என்ன தெரியுது, பிரதர்?"

தோள்கள் மட்டும் அசைந்தன.

"உங்களுக்கு எப்பவுமே தெரியுமா? தொப்பியப் பத்தி?" ப்ரின்லி விடவில்லை. "எங்க தாத்தாவுக்குத் தெரியாதாம். யாருமே சொன்னதில்லையாம்."

தொப்பிக்குள்ளிருந்து கிணற்றுக் குரல் ஒன்று வந்தது. "ஒருத்தங்க சொன்னாங்க."

"யாரு?"

"ஆர்வில்லா. ஆர்வில்லா சொன்னாங்க. அவங்க சொன்னது நெசம். நான்தான்..." தொப்பியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நான் அந்த ஏட்டத் திறந்தே பார்க்கல. திறந்தா இருந்திடுமோன்னு பயம்."

சந்தேகப்பட்டது யார் என்று நாற்பத்து நாலு வருடம் கழித்துத் தெரிந்தது.

வேறொருத்தியாக இருந்தால் அந்த இடத்தில் அழுதிருப்பாள். கட்டிக்கூடப் பிடித்திருப்பாள். ஆர்வில்லா குட்டி நாற்காலியிலிருந்து, ஒவ்வொரு மூட்டாகப் பிரித்து, எழுந்தாள். கதவுவரை நடந்தாள். அதை அகலத் திறந்து, தன் கைத்தடியை முட்டுக் கொடுத்து நிறுத்தினாள். வராந்தாவில் இருபது முப்பது பேர் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பிஷப் கோல்பியும் இருந்தார்.

"தொப்பியக் கழட்டுங்க, பிரதர்" என்றாள். "கம்பளி பாதிய முழுங்கிடுச்சு. அன்னைக்கு நான் வெளியில உக்காந்திருந்தேன். வெளியில கேக்கற மாதிரி சொல்லுங்க."

அவர் தொப்பியைக் கழற்றினார். வெள்ளை முடி நான்கு திசையிலும் நின்றது. கன்னம் இரண்டும் ஈரம். எழுந்து நின்று, மேசையைப் பிடித்துக்கொண்டு, பிஷப்பாக இருந்த நாளின் குரலில், தொப்பிக்குள் முடிக்காமல் விட்டதையும் சேர்த்துத் திரும்பச் சொன்னார். அவள் சொன்னது நிஜம், தான் சொன்னது பொய், தள்ளி வைத்தது தப்பு. வராந்தாவில் யாருடைய கையிலோ இருந்த பாட்டுப் புத்தகம் கீழே விழுந்தது.

"கேட்டுச்சா?" என்று ஆர்வில்லா வராந்தாவைப் பார்த்துக் கேட்டாள். முன்னால் நின்றவர்கள் தலையாட்டினார்கள். அவள் தொப்பியைப் பெட்டியில் வைத்து, கல்லை அதன்மேல் வைத்து, மூடியை அழுத்தி மூடினாள்.

பள்ளத்தாக்கு முழுக்க இது பரவ ஒரு மணி நேரம் ஆகவில்லை. கோல்பிக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு ஞாயிறு கழித்து, இந்தச் சமாதானத்துக்கு முத்திரை வைப்பதாக எண்ணி, லவார் ஆக்செல்சனை இன்னொரு பொறுப்புக்கு, சபையின் வரலாற்றை எழுதுகிறவராக, முன்மொழிந்தார். ஆதரிக்கிறவர்கள்? காளான் காடு. கோல்பி புன்னகையோடு, நிமிர்ந்து பார்க்காமலே, "எதிர்ப்பவர்கள் இருந்தால்..." என்றார்.

ஆர்கன் மாடு மாதிரி கத்தியது.

இரண்டு வரிசை முன்னால் லவார் திரும்பிப் பார்த்தார். கையைக் கண்டதும், பழைய நாட்களைப் போல, நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கூட்டம் முடிந்ததும் கோல்பி வராந்தாவில் ஓடிவந்து வழியை மறித்தார். "சிஸ்டர் லண்ட்! அவருதான் எல்லாத்தையும் சொல்லிட்டாரே! ஊரே கேட்டுச்சே!"

"கேட்டுச்சு. நல்லாத்தான் சொன்னாரு" என்றாள் ஆர்வில்லா, கையுறையை விரல் விரலாக மாட்டிக்கொண்டே. "அது தொப்பிக்கு, கோல்பி. நாற்காலி வேற."